இகுவாயின் தவறவிட்ட பந்தும் மீதி 99 நிமிடங்களும்

தொண்டிப் பக்கத்திலிருந்து ஒரு அன்பர் கேட்டிருக்கும் கேள்வி இது: "2014 உலகக் கோப்பை இறுதிப்போட்டியில் இகுவாயின் அந்த ஒரு வாய்ப்பைக் கோலாக்கியிருந்தால் அர்ஜென்டினா ஜெயித்திருக்கும்தானே? 2022-இல் கோப்பை கைக்கு வந்த பிறகும் அந்தத் தோல்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லையே, ஏன்?" பார்க்க இரண்டு கேள்வி மாதிரி இருந்தாலும் நீங்கள் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. ஒரே கோலில் கைநழுவிய ஆட்டத்தின் பாரத்தை ஒரே ஆளின் தலையில் இறக்கி வைக்கலாமா, வைத்துவிட்டால் நமக்கு நிம்மதி வருமா என்பதுதான் அது. நான் இராமநாதபுரம் கடலோரப் பள்ளிகளில் 27 வருடம் உடற்கல்வி ஆசிரியராக வேலை பார்த்தவன். ஊர் ஊராக நடக்கும் தொடர் போட்டிகளில் நடுவராக விசில் ஊதியிருக்கிறேன். 1986-இல் தூர்தர்ஷனில் மரடோனாவைப் பார்த்ததிலிருந்து அர்ஜென்டினா ரசிகன். ஆகவே இந்தக் கேள்வியை நானும் எனக்குள் பலமுறை கேட்டிருக்கிறேன்.

அந்த இரவு அப்படியே நினைவில் நிற்கிறது. நம் நேரப்படி ஜூலை 14, நள்ளிரவு 12.30-க்கு ஜெர்மனியோடு ஆட்டம். ரமலான் மாதம். பெரியபட்டினத்தில் ஒரு தெருவில் இரண்டு மின்கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டி புரொஜெக்டரில் போட்டிருந்தார்கள். நோன்பு பிடிப்பவர்கள் எப்படியும் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுக்கு எழ வேண்டும் என்பதால் தூங்கும் எண்ணமே யாருக்கும் இல்லை. பக்கத்து மீனவர் ஊர்களிலிருந்தும் பையன்கள் வந்து மணலில் உட்கார்ந்திருந்தார்கள். கச்சான் காற்று விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திரை உப்பும்போது ஆட்டக்காரர்கள் எல்லோரும் வயிறு பெருத்துத் தெரிவார்கள், உள்வாங்கும்போது ஒடுங்கிப்போவார்கள். 21ஆம் நிமிடம் ஜெர்மனியின் டோனி குரூஸ் தலையால் பின்பக்கம் தட்டிய பந்து நேராக அர்ஜென்டினா ஃபார்வர்டு இகுவாயின் காலுக்கு வந்தபோது திரை நன்றாக உப்பியிருந்தது. அவர் அடித்த பந்து கம்பத்துக்கு உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. பாதித் தெரு 'கோல்' என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டது. திரை தணிந்தபோது அவர் முகத்தைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. ஆட்டம் முடிந்தபோது மணி மூன்றைத் தாண்டியிருந்தது. தெரிந்தவர் வீட்டில் என்னையும் சஹருக்கு உட்காரவைத்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

சரி, உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது நல்ல வாய்ப்பு. எதிரே ஜெர்மனியின் கோல்கீப்பர் மானுவேல் நொயர் மட்டும்தான், பக்கத்தில் தொந்தரவுக்கு ஆளே இல்லை. இன்னும் இரண்டு தப்படி பந்தைக் கொண்டுபோக இடமும் நேரமும் இருந்தது. அவர் அவசரப்பட்டு அடித்தார். தவறுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் கோல்கீப்பரும் ஃபார்வர்டும் மட்டும் எதிரெதிரே நிற்கும் வாய்ப்பு, பார்ப்பவர் கண்ணுக்கு முக்கால் கோலாகத் தெரியும். ஆடுபவன் காலுக்கு அப்படி இல்லை. பெனால்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். பந்து அசையாமல் கிடக்கிறது, தூரம் 11 மீட்டர், குறுக்கே யாரும் வரக்கூடாது, விசில் ஊதிய பிறகு நிதானமாக ஓடிவந்து அடிக்கலாம். அதிலேயே ஏறக்குறைய நாலுக்கு ஒன்று வீணாகிறது. ஓடிக்கொண்டே, துள்ளுகிற பந்தை, கோணத்தை அடைத்துக்கொண்டு வரும் ஒரு கோல்கீப்பருக்கு எதிராக அடிப்பதில் பாதிக்கும் குறைவாகத்தான் கோலாகும். நான் விசில் ஊதிய ஆட்டங்களிலும் பார்த்தது இதுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. நம் ஆள் கொடுக்கும் பாஸ் என்றால் அது கிளம்பும் முன்பே ஃபார்வர்டின் உடம்பு தயாராகிவிடும். எங்கே விழும், எந்தக் காலால் அடிக்கலாம் என்ற கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எதிராளியின் தவறில் வரும் பந்துக்கு அந்த முன்னறிவிப்பு கிடையாது. இனாமாக வந்த பந்துதான் அதிகம் பதற வைக்கும். அந்தப் பதற்றம் முதலில் தெரிவது அடிக்கும் காலில் அல்ல, ஊன்றும் காலில். ஊன்றும் கால் பந்தை ஒட்டி விழாமல் ஒரு சாண் பின்தங்கினால் போதும், உடம்பு சாயும், பந்து இழுபட்டு ஓரமாகப் போகும். பையன்களுக்கு இதை மணலில் கால் தடத்தைக் காட்டியே சொல்லிக்கொடுப்பேன். அடித்துவிட்டு அப்படியே நில்லு, உன் இடது கால் தடம் எங்கே இருக்கிறது, பந்து கிடந்த குழி எங்கே இருக்கிறது என்று பார். தவறிய பந்துக்கெல்லாம் காரணம் பெரும்பாலும் அந்த இரண்டு குழிகளுக்கு நடுவில் இருக்கும்.

இப்போது என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதிலை நான் கற்றுக்கொண்டது அதில்தான். ஒரு வருடம் எங்கள் பள்ளி அணி குறுவட்ட இறுதிப்போட்டியில் 0-1 என்று தோற்றது. ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது எதிரணியின் பேக் பாஸ் மணலில் சிக்கி நின்றுவிட்டது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தனியாக அந்தப் பந்தின்மேல் ஓடிப்போய், திறந்து கிடந்த கோலுக்கு மேலே அடித்துவிட்டான். ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பையன்களுக்கும் நடுவில் அவனைப் பார்த்து, "அதைப் போட்டிருந்தா கப்பு இன்னிக்கு நம்ம கையில இருந்திருக்கும்டா" என்று சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றி, பள்ளிக்கூடத்து சாமான் என்பதால் மண்ணைத் தட்டி என் காலடியில் வைத்துவிட்டுப் போனான். திங்கட்கிழமை மைதானத்துக்கு வரவில்லை. அந்த வாரம் முழுக்க வரவில்லை.

வீட்டைத் தேடிப் போனேன். அப்பா கரைவலைக்காரர். கடற்கரையில் வலையை விரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கையில் இருந்த ஊசியை வலையில் குத்தி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "சார், வலையை இழுத்து முடிச்சு மடியில மீன் இல்லைன்னா, மடியைப் பிடிச்சவனை நாங்க திட்ட மாட்டோம். வலையை முழுசா விரிச்சுப் பாப்போம். எங்க கிழிஞ்சிருக்கோ அது வழியாத்தான் போயிருக்கும்." அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்கு அப்படி உறைத்தது. அன்று ராத்திரி என் நோட்டை எடுத்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து எழுதிப் பார்த்தேன். நாங்கள் வாங்கிய கோல் ஒரு த்ரோ-இன்னில் வந்தது. அந்தப் பக்கம் நின்ற பையன் முந்தின நாள் காய்ச்சலில் கிடந்தவன். தெரிந்தே அவனை இறக்கிவிட்டது நான். கிழிசல் என்னிடம் இருந்தது. பையன் திரும்பி மைதானத்துக்கு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அவனிடம் எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

அந்த மாதிரி 2014 ஆட்டத்தையும் முழுசாக விரித்துப் பார்ப்போம். முதல் பாதி முடியும் தறுவாயில் ஜெர்மனியின் ஹோவெடெஸ் தலையால் முட்டியது கம்பத்தில் பட்டுத் திரும்பியது; அது உள்ளே போயிருந்தால் நாம் இகுவாயினைப் பற்றிப் பேசவே மாட்டோம். இரண்டாம் பாதி தொடங்கிய சூட்டிலேயே மெஸ்ஸிக்கு இடது காலில் வாய்ப்பு வந்தது, பந்து தூரக் கம்பத்தை ஒட்டி வெளியே போனது. எக்ஸ்ட்ரா டைமில் 97ஆம் நிமிடம் நம் பலாசியோவுக்கு நொயரோடு நேருக்கு நேர் வாய்ப்பு. நெஞ்சில் வாங்கிய பந்து தள்ளிப்போனது, மேலே தூக்கிவிட்டார், வெளியே விழுந்தது. என் கணக்கில் இது இகுவாயின் விட்டதற்குக் கொஞ்சமும் குறைந்ததல்ல. எக்ஸ்ட்ரா டைமில் தவறியது என்பதால் அதன் எடை கூடவே. ஆனாலும் பலாசியோ பெயரை யாரும் அந்த அளவுக்குத் திட்டுவதில்லை.

காரணம் பின்னால் வந்த இரண்டு வருடங்கள் என்று நினைக்கிறேன். தென் அமெரிக்க நாடுகளுக்கான கோபா அமெரிக்கா தொடரின் 2015 இறுதியில் சிலிக்கு எதிரான பெனால்டி ஷூட்டவுட்டில் இகுவாயின் அடித்தது கோலுக்கு மேலே போனது. 2016-இல் மறுபடி சிலி, மறுபடி இறுதிப்போட்டி, மறுபடி முதல் பாதியில் கோல்கீப்பரோடு தனியாக ஒரு வாய்ப்பு, அதுவும் வெளியே. மூன்றையும் ஒன்றாகக் கோத்துவிட்டோம். 2014 மட்டும் நடந்திருந்தால் 21ஆம் நிமிடத்துக்கு இத்தனை பெரிய இடம் கிடைத்திருக்காது. அதே மனிதர் 2015-16 பருவத்தில் நபோலிக்காக இத்தாலிய லீகில் 36 கோல் போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கோல் போடத் தெரியாதவர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். 2014-இல் நாம் அரையிறுதிக்குப் போனதே பெல்ஜியத்துக்கு எதிராக 8ஆம் நிமிடம் அவர் போட்ட ஒரே கோலால்தான்.

வலையில் நான் பெரிய கிழிசல் என்று நினைப்பது வேறு. இங்கிருந்து என் கணிப்பு தொடங்குகிறது, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 2014 இறுதியின் இடைவேளையில் நம் பயிற்சியாளர் சபெல்லா லாவெஸியை எடுத்துவிட்டு அகுவேரோவை இறக்கினார். முதல் பாதியில் வலது பக்கம் நன்றாக ஓடியவர் லாவெஸி. ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்ட இகுவாயின் கோலுக்குப் பந்து கொடுத்ததும் அவர்தான். அகுவேரோ அந்தத் தொடரில் காயத்திலிருந்து எழுந்து வந்தவர், அவருடைய முழு ஓட்டம் அன்று இல்லை. லாவெஸி போனதும் வலது ஓரத்தில் மேலும் கீழும் ஓடுகிற ஆள் குறைந்தது. 113ஆம் நிமிடம் ஜெர்மனியின் ஷூர்லே பந்தைக் கொண்டுவந்தது நம் வலது பக்கமாகத்தான். அங்கிருந்து தூக்கிக் கொடுத்ததை கோட்சே நெஞ்சில் இறக்கி, தரையில் விழவிடாமல் இடது காலால் அடித்தார். நம் கோல்கீப்பர் ரொமேரோவுக்கு வழியே இல்லை. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். லாவெஸி களத்தில் இருந்திருந்தால் 113ஆம் நிமிடத்தில் அவருக்கும் மூச்சு வாங்கியிருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அதனால்தான் இதை உறுதி என்று சொல்லவில்லை.

களைப்பைப் பற்றி நிறையப் பேர் பேசுவார்கள். அதில் எண்கள் தெளிவானவை. இறுதிக்கு முன் நாக் அவுட் சுற்றில் அர்ஜென்டினா ஆடியது 330 நிமிடம், ஜெர்மனி 300. ஜெர்மனி பிரேசிலை 7-1 என்று முடித்தது ஜூலை 8. நாம் நெதர்லாந்தோடு 120 நிமிடமும் பெனால்டியும் ஆடியது ஜூலை 9. ஒரு நாள் ஓய்வும் ஒரு எக்ஸ்ட்ரா டைமும் வித்தியாசம். இது கால்களில் தெரியாமல் போகாது. ஆனால் இதுவே தோல்விக்குக் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பலாசியோவும் காகோவும் 78, 86ஆம் நிமிடங்களில் புதிதாக இறங்கியவர்கள். நம்மிடமும் களைக்காத கால்கள் இருந்தன. டி மரியா தொடைக் காயத்தால் ஆடாதது அதைவிடப் பெரிய இழப்பு. அப்புறம் ஜெர்மனிக்கும் அடி விழுந்தது. வார்ம் அப்பில் கெதிரா விலகினார். அவருக்குப் பதில் வந்த கிராமர் தலையில் அடிபட்டு 31ஆம் நிமிடம் வெளியேறினார். கிராமருக்குப் பதில் இறங்கியவர்தான் ஷூர்லே. எதிராளிக்கு நேர்ந்த விபத்தே நமக்கு எமனாக வந்தது.

அதிர்ஷ்டம் என்று பேசினால் அதையும் முழுசாகப் பேச வேண்டும். அதே தொடரில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக டி மரியா 118ஆம் நிமிடம் கோல் போட்டார். அதற்குப் பிறகு, ஆட்டம் முடியப்போகும் கடைசி மூச்சில், அவர்களின் ஜெமாய்லி தலையால் முட்டியது கம்பத்தில் பட்டு அவர் முழங்காலிலேயே மோதி வெளியே போனது. அன்று பெரியபட்டினத்தில் பட்டாசு வெடித்தார்கள். நெதர்லாந்து ஆட்டத்தில் 90 நிமிடம் முடியும் தறுவாயில் அவர்களின் ராபன் தனியாகக் கோலுக்குள் நுழைந்தபோது நம் மஷெரானோ காலை நீட்டித் தடுத்தார். ஒரு விரல்கடை தூரத்தில் நாம் தப்பித்த ஆட்டங்கள் அவை. நாக் அவுட்டில் முதல் கோலை நாம் வாங்கியது கோட்சேயிடம்தான். 120, 90, 120, 113 என்று கூட்டினால் 443 நிமிடம் கோலே வாங்காத தடுப்பு அது. அந்தத் தடுப்பைப் பற்றி நம் ஊர் டீக்கடைகளில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. எனக்கு அது வருத்தம்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு: இகுவாயின் போட்டிருந்தால் ஜெயித்திருப்போமா? பெரும்பாலும் ஜெயித்திருப்போம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் பெல்ஜியத்துக்கு எதிராக 8ஆம் நிமிடக் கோலைக் கடைசிவரை காப்பாற்றிய அணி அது. நிச்சயம் என்று சொல்ல முடியாது. 90 நிமிடக் கணக்கிலேயே மீதம் ஏறக்குறைய 70 நிமிடம் இருந்தது. எதிரே நின்றது அந்தத் தொடரில் 18 கோல் போட்ட அணி. நாம் தொடர் முழுக்கப் போட்டது 8. பின்தங்கிய ஜெர்மனி எப்படி ஆடியிருக்கும், முன்னால் இருந்த அர்ஜென்டினா எவ்வளவு பின்வாங்கியிருக்கும் என்பதெல்லாம் நடக்காத ஆட்டம். அதற்கு நான் விசில் ஊத முடியாது.

இரண்டாவது கேள்விக்கு என்னிடம் நீண்ட பதில் இல்லை. கால்பந்தில் கோல் அபூர்வம். 2014-இல் 64 ஆட்டங்களில் மொத்தமே 171 கோல்கள்தான், ஒரு ஆட்டத்துக்கு மூன்றுகூட இல்லை. அதனால் ஒரே கோலில் தோற்றவனுக்கு 'அது மட்டும் நடந்திருந்தால்' என்பது கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே இருக்கும். கிரிக்கெட்டில் பத்து ரன்னில் தோற்றால் எந்தப் பந்தைச் சொல்வது என்று தெரியாது. இங்கே நிமிடம் உட்பட நினைவிருக்கும். 1990-இல் இதே ஜெர்மனியிடம் இதே 1-0, 85ஆம் நிமிடப் பெனால்டி. அது இன்னும் எனக்கு ஆறவில்லை. நம் பக்கத்து உதாரணமும் ஒன்று சொல்கிறேன்: இராமநாதபுரப் பக்கமான சேதுச் சீமையின் பெயரைத் தாங்கிய பெண்கள் அணி சேது எஃப்சி. 2019-இல் இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை ஜெயித்தார்கள். 2022-இல் ஆடிய 10 ஆட்டங்களையும் ஜெயித்துவிட்டு, அதேபோல் 10-ஐயும் ஜெயித்து வந்த கோகுலம் கேரளாவிடம் கடைசி ஆட்டத்தில் 3-1 என்று தோற்றார்கள். எனக்குச் சட்டென்று நினைவு வருவது கோப்பை அல்ல, அந்தக் கடைசி ஆட்டம்தான். மனது அப்படித்தான் சேர்த்துவைக்கிறது.

2022 இறுதியில் 3-3 என்று இருந்தபோது, 123ஆம் நிமிடம், பிரான்சின் கோலோ முவானி நம் கோல்கீப்பர் எமிலியானோ மார்டினெஸை நேருக்கு நேர் பார்த்து அடித்தார். மார்டினெஸின் இடது கால் நீண்டது. நாங்கள் எழுந்து கத்தினோம். நான் மட்டும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுந்தேன், ஏனென்றால் எனக்கு 2014-இன் திரை ஞாபகம் வந்துவிட்டது. பிரான்சில் ஏதோ ஒரு ஊரில் ஒருவர் இன்று உங்கள் கேள்வியை அப்படியே கோலோ முவானி பெயரைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பார்.

உங்களுக்கு நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். 2014 ஆட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்க்காமல் முழுசாக ஒருமுறை போட்டுப் பாருங்கள். 31ஆம் நிமிடத்திலிருந்து பந்தை விட்டுவிட்டு ஷூர்லேவை மட்டும் பின்தொடருங்கள். அவருக்கு எதிரே நம் வலது பக்கத்தில் இடைவேளைக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், பின்னால் எத்தனை பேர் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான் லாவெஸியைப் பற்றிச் சொன்னது தவறு என்று உங்களுக்குப் பட்டால் நிமிடத்தோடு எழுதுங்கள். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு நானும் மறுபடி பார்க்கிறேன்.